தட்டை எடுக்கும் நேரம்

விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்த அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். வெளியாள் முன்னால் பேசும்போது மனைவியும் "எங்க மாஸ்டர்" என்பாள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்தால் நஷ்டம் தனக்குத்தான் என்று தெரியும்.

உலகத்தில் தனக்குத் தெரியாதது ஏராளம் என்பதை மாஸ்டர் தாராளமாக ஒப்புக்கொள்வார். பல்பு மாற்றத் தெரியாது. திசை தெரியாது. சொந்தக் கல்யாண நாள்கூட யாராவது சொன்னால்தான். ஆனால் ஓர் உயிர் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அதை எப்படிக் கவனிப்பது என்பதில் மட்டும் எவனும் அவருக்குப் பாடம் எடுக்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவனிடம் இரண்டே விதி சொல்வார். தட்டில் அடி தெரியக்கூடாது. விருந்தாளி எழுந்திருக்கும் முன்னால் தட்டில் கை வைக்கக்கூடாது. "மத்ததெல்லாம் தானா வரும். இது ரெண்டும் வரலைன்னா நீ மேளம் அடிக்கப் போ."

அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து, நாய் டாக்டர் ஒருத்தி, அவர் மகள் வயசுதான் இருக்கும், "உங்களுக்கு சாப்பாடு போடத் தெரியல சார்" என்று சொன்னபோது மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்தில் மேசை மேல் அவர் நாய் குண்டூசி படுத்திருந்தது. மண்டபத்துக் கொல்லையில் குட்டியாகக் கிடைத்தபோது அது அவ்வளவு ஒல்லி. பேர் வைத்தது மனைவி. இப்போது ஊசி போய்க் குண்டு மட்டும் மிச்சம் என்று தெருவில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொருவரும் தானே முதலில் கண்டுபிடித்ததுபோல் சொல்வதுதான் கொடுமை. சோபாவிலிருந்து குதித்தபோது வீல் என்று கத்தியது. அதிலிருந்து பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே நொண்டுகிறது.

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தாள். "உள்ள தசைநார் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணும். ஆனா இந்த எடையில மயக்க மருந்து குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. முதல்ல இளைக்கணும். ரொம்ப நாள் தள்ளவும் முடியாது. பாரத்தையெல்லாம் இந்த நல்ல கால்ல போடுது பாருங்க, இதுவும் போச்சுன்னா நடக்கவே முடியாது."

மாஸ்டர் குண்டூசியின் தலையில் கை வைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வைக்கிறீங்க?"

"வேணுங்கற அளவு."

"யாருக்கு வேணுங்கற அளவு?"

மனைவி இருமினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராது. இந்தக் கேள்விக்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள் என்பது அந்த இருமலில் தெரிந்தது.

"எதுல வைக்கிறீங்க?"

"பேசின்ல," என்றாள் மனைவி, அவர் வாயைத் திறப்பதற்குள். "மண்டபத்துல பழசாப் போன பேசின். என் பேத்தி பிறந்தா அதுலதான் குளிப்பாட்டலாம்னு இருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. அளந்து, கப்பின் வாயை வழித்துவிட்டு. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். இவன் மெல்லாமல் விழுங்குகிறவன் என்பதால், உள்ளே தடுப்பு வைத்த தட்டாக வாங்க வேண்டும்; நாக்கை விட்டுத் துழாவித் துழாவித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் வேண்டாம், கீறலில் அழுக்கு சேரும், மோவாயில் அந்தப் பருக்கள் அதனால்கூட இருக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் தனி. கடைசியாக, "சாப்பிட்டு முடிச்சதும் தட்டை எடுத்துடணும். மிச்சம் வச்சாலும் கால் மணி நேரத்துல எடுத்துடணும்."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மாஸ்டரின் தலை நின்றது.

"உக்காந்திருக்கும்போதேவா?"

"ஆமா."

"விருந்தாளி எழுந்திருக்கல. தட்டை எடுக்கறதா?"

"அது விருந்தாளி இல்ல சார். பேஷண்ட்."

*

செல்லப் பிராணிகள் கடையில் மாஸ்டர் இழந்த மானத்தை மீட்டுக்கொண்டார். பாத்திரம் என்று வந்துவிட்டால் அவர் கை பேசும். எவர்சில்வர் கிண்ணத்தைச் சுண்டினார். சத்தம் சரி, ஆனால் தரையில் நழுவும். அடியில் ரப்பர் வளையம் போட்டதை எடுத்து, தரையில் வைத்து, மண்டி போட்டு, மூக்கால் தள்ளிப் பார்த்தார். கடைக்காரப் பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி விளம்பர அட்டையைப் படிக்க ஆரம்பித்தாள்.

"இது நகராது. தண்ணிக்கு இது." அடுத்து எலும்புப் படம் போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். "படம் எதுக்கும்மா? சாப்பாடுன்னு தெரியாம உள்ள உக்காந்துடுமா?" காலுள்ள உயரமான ஸ்டாண்டைப் பார்த்தார். குண்டூசியின் காலைப் பார்த்தார். "இவன் இதுல சாப்பிடணும்னா ஸ்டூல் போட்டு ஏறணும்."

பிறகுதான் அது கண்ணில் பட்டது. வெள்ளைப் பீங்கான். அகலம், விளிம்பு தாழ்வு, உள்ளே வளைந்து வளைந்து ஓடும் மேடுகள், மேடுகளுக்கு நடுவே குழிகள். கனமும் அளவு. விரலால் குழிகளைத் தடவினார். எங்கேயும் விரிசல் இல்லை, ஸ்பாஞ்ச் போகாத மூலை இல்லை. சாப்பாடு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவன் செய்த தட்டு என்று மனதாரப் பாராட்டினார்.

"ரெண்டு குடும்மா."

"எதுக்கு ரெண்டு?" என்றாள் மனைவி.

"காலைல வீட்டுல. சாயங்காலம் மண்டபத்துல. பகல்ல நீ கடைக்குப் போயிடறே, அவன் என்கூடத்தானே வர்றான்?"

அவள் பையிலிருந்து பணத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துச் சாமியார்கள் வெட்கப்பட வேண்டும். காலையில் மனைவி தீவனத்தை அளந்து, கப்பின் வாயைத் தேர்வுத்தாள் திருத்துவதுபோல் வழித்துக் கொடுப்பாள். வைப்பார். குண்டூசி முன்பு இரண்டே மூச்சில் முடித்ததை இப்போது மேட்டையும் பள்ளத்தையும் துழாவி, தும்மி, தலையைச் சாய்த்து வேறு வழி யோசித்து, பொறுமையாகச் சாப்பிடும். முடித்துவிட்டு அவரைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு மாஸ்டர் ஒரு சொட்டுகூட மசியவில்லை. தட்டை மட்டும் எடுக்கமாட்டார். அது அங்கேயே கிடக்கும், குண்டூசி அதன் முன்னால் கிடக்கும். அவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்பது அவர் கட்சி. சாயங்காலப் பங்கு ஒரு டப்பாவில் மண்டபத்துக்குப் போகும். பாத்திரம் கழுவும் அக்காவிடம் கொடுத்துவிட்டு, விருந்து வேலைக்குள் மூழ்கிவிடுவார்.

மறுபடி எடை பார்க்கப் போனபோது புது மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து போனார்.

டாக்டர் எண்ணைப் படித்தாள். குண்டூசியை இறக்கிவிட்டு, மெஷினைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றினாள்.

"கூடியிருக்கு."

"மெஷின்ல கோளாறு இருக்கும்," என்றார் மாஸ்டர்.

"நீங்க ஏறிப் பாக்கறீங்களா?"

அந்த வாய்ப்பை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குண்டூசி மூன்று காலில் நின்றது. நின்ற பின்னங்கால் லேசாக நடுங்கியது. டாக்டர் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த முட்டியும் வீங்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உண்மையச் சொல்லுங்க."

"எது?"

"நான் தூங்கினப்புறம் என்ன குடுக்கறீங்க?"

"ஏம்மா, சத்தியமா ஒண்ணும் இல்ல."

"நம்ம பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறப்ப அவ பைக்குள்ள பொரிச்ச கோழியத் திணிச்சு அனுப்பின ஆளு நீங்க. பை முழுக்க எண்ணெய். புத்தகத்த வெயில்ல காயப்போட்டது யாரு?"

"அது வேற."

"அதே கைதாங்க."

மாஸ்டர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது நிறைய உண்டு. உண்மை சொல்லி மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பொய்யாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே சொல்லியிருப்பார். "நாளைக்கு லீவு போடு. மண்டபத்துக்கு வா. என்கூடவே இரு. நான் ஒரு பருக்கை போட்டா என்னைக் கேளு" என்றார்.

*

மறுநாள் ஒரு கம்பெனியின் விருந்து. அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் மாஸ்டரும் மனைவியும் ஒளிந்துகொண்டு நின்றார்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் வழியில், கதவை ஒட்டி, குண்டூசி படுத்திருந்தது. அதன் முன்னால் வெள்ளைத் தட்டு. அளந்து வைத்த பங்கைத் துழாவித் தின்று முடித்திருந்தது. குழிகளெல்லாம் காலி.

பரிமாறுகிறவர்களில் மூத்தவன், உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் ஒட்டடை என்று பேர் வாங்கியவன், கையில் கறி வாளியுடன் வேகமாக வந்தான். நிற்கவில்லை. குனியவில்லை. பார்க்கக்கூட இல்லை. தட்டைத் தாண்டும்போது கரண்டி மட்டும் ஒரு சுழற்று சுழன்றது. ஒரு துண்டு சரியாக ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. ஒட்டடை கூடத்துக்குள் போய்விட்டான்.

மாஸ்டர் மனைவியின் தோளைப் பிடித்தார்.

பின்னாலேயே காய் வாளிக்காரன். அடுத்த குழி. ரொட்டிக் கூடைக்காரன். அதற்கடுத்தது. எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பிய அக்கா, மீதிக் குழி ஒன்று வெறுமையாக இருப்பதைக் கண்டு, "ச்சோ" என்று சொல்லி அதையும் நிரப்பினாள். குண்டூசி எதற்கும் அவசரப்படவில்லை. வாடிக்கையாளர் தோரணையில் படுத்தவாக்கில் சாப்பிட்டது.

மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வாங்கி வைத்தது நாய்த் தட்டு அல்ல. இவர்கள் கண்ணுக்கு அது குழித் தட்டு. கூடத்தில் விருந்தாளிக்கு வைக்கும் அதே வெள்ளைக் குழித் தட்டு. குழிக்கு ஒரு ஆள் பொறுப்பு, குழி காலியானால் மாஸ்டரிடம் திட்டு. அவர்தான் பழக்கினார். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார். நெஞ்சு பெருமையில் விம்முவதா வெடிப்பதா என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறியது.

"பாத்தியா? பாத்தியா? நான் இல்ல!" என்று பாய்ந்து வெளியே வந்தார்.

"டேய் ஒட்டடை! இங்க வாடா!"

ஒட்டடை காலி வாளியோடு திரும்பிக்கொண்டிருந்தான். "என்ன மாஸ்டர்?"

"நாய்க்கு ஏண்டா போட்டே?"

"நானா? எப்ப?"

"இப்ப! நான் பாத்தேன்! அம்மா பாத்தாங்க!"

"நான் எங்க மாஸ்டர் போட்டேன்? நேரா கூடத்துக்குல்ல போனேன்?" அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

"நேரா போனானாம்! குடுடா இங்க." மாஸ்டர் பக்கத்தில் வந்தவனிடமிருந்து நிறைந்த வாளியையும் கரண்டியையும் பிடுங்கினார். "எப்படிப் போனே தெரியுமா? இப்படி வந்தே. இந்தக் கதவைத் தாண்டினே. கண்ணு கூடத்தப் பாக்குது. கை என்ன பண்ணுச்சு?"

சொல்லிக்கொண்டே நடந்தார். கதவைத் தாண்டினார். கூடத்தைப் பார்த்தார்.

தட்டில் பொத்தென்று ஒரு சத்தம்.

குண்டூசி வாலை ஒரு தரம் தரையில் தட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. மாஸ்டர் தன் கையிலிருந்த கரண்டியை, யாரோ தன் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு விசும்பல்போல் கேட்டது. பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஸ்டர்... எங்க மாஸ்டர்..." என்று அதற்குமேல் சொல்ல முடியாமல் சிரித்தாள். அக்கா சேர்ந்துகொண்டாள். ஒட்டடை சிரிப்பை அடக்கியதில் வாளி கடகடவென்று ஆடியது.

"தினமுமா?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "நானும்?"

"நீங்க ரெண்டு ரவுண்டு வருவீங்க மாஸ்டர்," என்றாள் அக்கா. "உங்களப் பாத்துதானே நாங்க..."

*

அன்று விருந்து முடிந்ததும் எல்லோரையும் சமையலறையில் நிற்கவைத்து மாஸ்டர் பேசினார். முட்டி பற்றிச் சொன்னார். அடுத்த காலும் வீங்குவதைச் சொன்னார். அதுவரை இளித்துக்கொண்டிருந்த முகங்கள் மாறின. "கை கேக்காது மாஸ்டர்" என்று ஒட்டடை கவலையாகச் சொன்னான். "தட்டைப் பாத்தா கை தானாப் போயிடுது."

"அதனால தட்டே இல்ல. இனிமே அவன் சாப்பாடு ரெண்டு வேளையும் வீட்டுல. சாயங்காலம் அம்மா கடையிலருந்து வந்து போடுவாங்க. இங்க தண்ணி மட்டும். ரப்பர் வளையம் போட்ட கிண்ணம்."

"அவன் பாப்பானே மாஸ்டர்?"

"பாக்கட்டும். ஆள் அதிகமாகி சாப்பாடு பத்தாத நாள்ல நாம என்ன பண்ணுவோம்?"

எல்லோருக்கும் சட்டென்று பிடிபட்டது. பற்றாக்குறை நாளுக்கு என்று மண்டபத்தில் தனி வித்தை உண்டு. விருந்தாளியின் கண்ணைப் பார்க்கக்கூடாது. முகம் நிறையச் சிரித்தபடி, அவர் தலைக்கு மேலே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ பெரிய காரியமாக வேகமாகப் போக வேண்டும். தண்ணீர் மட்டும் கேட்காமலே நிரம்பும்.

"குண்டூசிக்கு இன்னையிலருந்து பத்தாத நாள்," என்றார் மாஸ்டர்.

மறுநாள் மண்டபத்தில் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் கதவருகே வரும்போது மட்டும் உத்தரத்தைப் பார்த்துச் சிரித்தபடி நடந்தார்கள். இரண்டு பேர் மோதிக்கொண்டதில் ஒரு கூடை ரொட்டி போயிற்று. ஒட்டடையின் கை பழக்க தோஷத்தில் ஒரு துண்டைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டது. அக்கா அதைப் பாய்ந்து எடுத்து, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்து, அவன் தலையில் ஈரக்கையால் ஒரு குட்டு வைத்தாள். விருந்துக்கு வந்த ஒரு பெரியவர், மேலே என்ன இருக்கிறது என்று தானும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனார்.

அதெல்லாம் சுலபம். கஷ்டம் வீட்டில் இருந்தது.

காலைத் தட்டு காலியாகிவிட்டது. குண்டூசி ஏற்கெனவே நக்கிய குழியை மறுபடி நக்கிக்கொண்டிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எடுங்க."

"நீ எடேன்."

"நான் மாட்டேன். தட்டு அங்கேயே கிடந்தா இன்னும் வரும்னுதான் அது உக்காந்திருக்கு. வராதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

மாஸ்டர் குனிந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ கருமாதி, சண்டை போட்டு எழுந்து போன சம்பந்திகள், கடன்காரர்கள், குடிகாரர்கள். உட்கார்ந்திருந்த ஒருவர் முன்னாலிருந்தும் அவர் தட்டை எடுத்ததில்லை. விரல் விளிம்பில் பட்டது. குண்டூசி நிமிர்ந்து பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டார்.

திறந்தபோது குண்டூசி தட்டு இருந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. தரையை ஒரு நக்கு நக்கியது. பிறகு நொண்டியபடியே போய்ப் பாயில் சுருண்டு, பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஒரு சாபமாவது எதிர்பார்த்திருந்தார்.

"அவ்வளவுதான். தட்டைக் கழுவுங்க."

அடுத்த எடையில் எண் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்ததில் நன்றாகவே இறங்கியது. கழுத்துப் பட்டையில் ஓர் ஓட்டை உள்ளே போனது, பிறகு இன்னொன்று. மோவாய்ப் பருக்கள் மறைந்தன. சாப்பாட்டு நேரம் வந்தால் குண்டூசி தானாகவே இடத்தில் போய் உட்காரும். முடிந்ததும் தானாகவே நகர்ந்துவிடும், அவருக்குச் சிரமம் வைக்காமல். விலாவைத் தடவிப் பார்த்த டாக்டர், "எலும்பு கைக்குத் தெரியுது. அந்த முட்டி வீக்கமும் வத்தியிருக்கு. இதுதான் வேணும்," என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தாள். "அன்னைக்குக் காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு வரணும். ஒரு வாய் போனாலும் மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல ஏறிடும். எல்லாரும் குடுக்கலைன்னுதான் சொல்வாங்க. வாயைத் திறந்து பாத்தா பிஸ்கட் இருக்கும்."

அன்று காலை மனைவி தட்டையே கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டாள். நேரம் ஆனதும் குண்டூசி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இப்போதெல்லாம் அது கெஞ்சுவதில்லை. நேரம் தவறாமல் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தது. கெஞ்சியிருந்தால்கூட மாஸ்டர் சமாளித்திருப்பார். அவர் உத்தரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னைக்கு இல்லடா. இன்னைக்கு ஒண்ணுமே இல்ல," என்றார். கை மடியிலேயே இருந்தது. வண்டி வரும்வரை இரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே வந்தாள். "காலைல எதுவும் குடுக்கலையே சார்?"

"குடுக்கல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினாள்.

"அவரையே கேளுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "அவர் சொன்னா சரிதான்."

"குடுக்கல," என்று மாஸ்டர் மறுபடி சொன்னார், சத்தமாக, கூடத்தின் கடைசி மேசைக்கும் கேட்கிற குரலில். காத்திருந்த பூனைக்காரர் ஒருவர் திடுக்கிட்டார்.

டாக்டர் குண்டூசியின் வாயைத் திறந்து பார்த்தாள். மூடினாள். "வாடா தம்பி" என்று உள்ளே கூப்பிட்டாள். தூக்கிக்கொண்டு போக வந்த உதவியாளரைக் கையசைத்து நிறுத்தினாள். குண்டூசி மூன்று காலால், இடுப்பு ஆடாமல், தானே நடந்து உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவி பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "நீங்களும்தான் காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

"அவன் முன்னாடி எப்படிச் சாப்பிடறது?"

"இப்ப அவன் இல்ல. சாப்பிடுங்க."

மாஸ்டர் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நன்றாகப் பசித்தது. முடித்துவிட்டு டப்பாவை நீட்டினார், இன்னும் கொஞ்சம் என்று.

"போதும்," என்று சொல்லி அவள் டப்பாவை வாங்கி மூடிவிட்டாள்.